கைவினைச் சோப்பு செய்து விற்க நினைப்பவர்களுக்கு: காஸ்டிக் சோடா முதல் உரிமம் வரை

நான் செய்த முதல் ஏழு சோப்புகளும் குப்பைக்குத்தான் போயின. எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரப்பொருளான காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுக்காமல் டம்ளர் கணக்கில் போட்டதில் காரம் கூடிவிட்டது. கத்தி வைத்ததும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிந்து உதிர்ந்தது. ஆறு மாதம் கழித்து, சோப்பு நன்றாக வரத் தொடங்கிய பிறகு, சோப்பு செய்யத் தனி உரிமம் வேண்டும் என்பதே தெரியாமல் முந்நூறு அட்டைப்பெட்டி அச்சடித்தேன். அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. இரண்டு இழப்பும் உங்களுக்கு வேண்டாம். பொள்ளாச்சியில் ஒரு சின்ன அறையில் நான் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வீட்டுக்கா, விற்பனைக்கா என்று முதலில் முடிவெடுங்கள்

வீட்டில் குளிக்கவும், அக்கா தங்கைக்குக் கொடுக்கவும் சோப்பு செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காசுக்கு விற்பதாக இருந்தால், ஒரு சோப்பாக இருந்தாலும், அது உரிமம் உள்ள இடத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். உருக்கி அச்சில் ஊற்றும் 'சோப் பேஸ்' வாங்கிச் செய்தாலும் இதேதான். 'பேஸ்தானே, நான் காஸ்டிக் சோடாவையே தொடவில்லையே' என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் விவரம் எட்டாவது படியில் இருக்கிறது.

விற்கும் எண்ணம் இருந்தாலும் முதல் ஆறு மாதம் வீட்டுக்கு மட்டும் செய்யுங்கள். உங்கள் சோப்பு நான்கு மாதம் கழித்தும் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கிறதா என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சோப் பேஸ் பற்றி இன்னொன்று. பேஸ் மூட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் நுரைக்காகச் சேர்க்கும் ரசாயனங்களும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானும் இருக்கும். அதில் கொஞ்சம் கற்றாழைச் சாறு விட்டு 'நூறு சதம் இயற்கை' என்று எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவது. நான் இங்கே சொல்வது எண்ணெயும் காரமும் சேர்த்து, அடுப்பில் கொதிக்க வைக்காமல் செய்யும் கோல்ட் பிராசஸ் முறை.

2. சாமான்களும் அதற்கான செலவும்

முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் டிஜிட்டல் தராசு. நான் 500 ரூபாய்க்கு வாங்கினேன். நறுமண எண்ணெய் நிறுக்க, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இன்னொன்று இருந்தால் நல்லது. அப்புறம் கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கைமிக்ஸி, சிலிகான் அச்சு. எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கைமிக்ஸி வேண்டாம், கரண்டியாலேயே கிளறுகிறேன் என்றால் கிளறலாம். முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிளற வேண்டியிருக்கும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியம், இண்டாலியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பிவிடும். வீட்டில் எது எவர்சில்வர், எது அலுமினியம் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பாத்திரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். சோப்புக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பவும் கூடாது. அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துத் தனி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

3. எண்ணெய்க் கணக்கு

ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாற வெவ்வேறு அளவு காஸ்டிக் சோடா கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. அதனால்தான் 'நல்லெண்ணெய் இல்லை, பதிலுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறேன்' என்று சமையலில் செய்வதுபோல இங்கே செய்ய முடியாது. ஓர் எண்ணெயை மாற்றினாலும் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். இணையத்தில் சோப்புக் கால்குலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் போட்டுப் பார்க்காமல் யூடியூபில் பார்த்த எந்த அளவையும் நம்பாதீர்கள்.

நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் அளவு இதுதான்:

தேங்காய் எண்ணெய் 250 கிராம்
ஆலிவ் பொமேஸ் எண்ணெய் (பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் ஆலிவ் எண்ணெய்) 200 கிராம்
விளக்கெண்ணெய் 50 கிராம்
காஸ்டிக் சோடா 73 கிராம்
காய்ச்சி வடித்த நீர் 150 கிராம்

மொத்த எண்ணெயும் சோப்பாக மாறக் கிட்டத்தட்ட 79 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் 73 கிராம் மட்டும் போடுவதால் ஏழெட்டு சதவீத எண்ணெய் மாறாமல் சோப்பிலேயே தங்கும். சோப்புக்காரர்கள் இதை சூப்பர்ஃபேட் என்பார்கள். தேங்காய் எண்ணெய் பாதிக்குப் பாதி இருக்கும் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் தோலை வறட்டிவிடும். இந்த மிச்ச எண்ணெய்தான் அதைச் சரிக்கட்டுகிறது.

தண்ணீரையும் மில்லியில் அளக்காமல் நிறுத்தே எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் செய்த சோப்பில் மாதக் கடைசியில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்து எண்ணெய் சிக்கடித்துப் போனது.

மூலிகைப் பொடி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பைமேனி, வேப்பிலை போட்டால் முதல் நாள் பச்சையாக இருக்கும், மூன்றாவது வாரத்தில் பழுப்பாகிவிடும். செம்பருத்தியின் சிவப்பும் காரத்தில் நிற்காது. மஞ்சள் மட்டும் ஓரளவு தாங்கும். போட்டதும் செங்கல் நிறமாக மாறும், பயப்படாதீர்கள், காயக் காய வெளிறி வரும். பச்சை நிறத்தை நம்பி லேபிள் வடிவமைத்துவிடாதீர்கள்.

4. நறுமண எண்ணெய்: எதை வாங்குவது, எவ்வளவு, என்ன பயன்

புதிதாக வருபவர்களின் காசு அதிகம் போவது இங்கேதான்.

நறுமண எண்ணெய், அதாவது எசென்ஷியல் ஆயில், செடியின் இலை, பூ, வேர், பட்டையிலிருந்து பெரும்பாலும் நீராவியில் வடித்து எடுப்பது. ஃபிராகிரன்ஸ் ஆயில் என்பது ஆய்வகத்தில் கலந்து செய்த வாசனை. கடையில் இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஸ்ட்ராபெரி, தர்பூசணி, தாமரை என்று பெயர் போட்டு மலிவாக விற்கும் எதுவும் நறுமண எண்ணெயாக இருக்க வாய்ப்பில்லை. மல்லிகையைக்கூட நீராவியில் வடிப்பதில்லை. கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சத்தியமங்கலம், மதுரைப் பக்கம் பூவை வாங்கி அப்படித்தான் தயாரிக்கிறார்கள், விலையோ எட்டாத உயரம். சந்தன எண்ணெய் கிலோ லட்சக் கணக்கில் போகும் பொருள். பத்து மில்லி இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது சந்தனம் இல்லை.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். லேபிளில் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். அந்த பேட்ச் எண்ணுக்கான, அதாவது ஒரே தடவையில் வடித்த அந்தத் தொகுதிக்கான, பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி தயங்காமல் அனுப்புவார். கருப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ் போன்ற லேசான எண்ணெய் தாளில் பிசுக்கு இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை அப்படியே நின்றால் மலிவான சமையல் எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் மாதிரி கனமான எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அவை சுத்தமாக இருந்தாலும் கறை நிற்கும்.

நம் பக்கத்திலேயே கிடைப்பவற்றில் தொடங்குங்கள் என்பேன். நீலகிரியில் வடிக்கும் யூகலிப்டஸ் தைலம் எல்லோருக்கும் தெரிந்தது. எலுமிச்சைப்புல் எண்ணெய் விலையும் குறைவு, சோப்பில் மணமும் நிற்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடலூர்ப் பக்கத்து வெட்டிவேர் விலை அதிகம், ஆனால் இரண்டு மூன்று கிராம் போதும், மற்ற வாசனைகளையும் பிடித்து நிறுத்தும். ஆரஞ்சு, எலுமிச்சைப்பழ எண்ணெய்களின் மணம் காய வைக்கும் ஆறு வாரத்திலேயே பறந்துவிடும். அவற்றுக்குப் போட்ட காசு வீண்.

அளவைச் சொட்டுக் கணக்கில் போடாதீர்கள். மொத்த எண்ணெய் எடையில் மூன்று சதவீதம்தான் உச்ச வரம்பு, அதாவது மேலே சொன்ன 500 கிராமுக்கு 15 கிராம். எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால் சிலர் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால் 10 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிராம்பு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். கூடினால் தோல் எரியும், கலவையும் கையோடு கட்டியாகிவிடும். இலவங்கப்பட்டை எண்ணெயைச் சோப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இப்போது பயன். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிக்கும் டீ ட்ரீ எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஐந்து சதவீத டீ ட்ரீ ஜெல் முகப்பருவைக் குறைத்தது. முகப்பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அது தடவி அப்படியே விட்ட ஜெல். சோப்பு உங்கள் தோலில் இருப்பது ஒரு நிமிடம், அப்புறம் சாக்கடைக்குப் போய்விடுகிறது. ஜெல்லில் கிடைத்த பலனைச் சோப்பின் பேரில் சொல்ல முடியாது. லாவெண்டர், யூகலிப்டஸ், வெட்டிவேர் எதுவாக இருந்தாலும், சோப்பில் அவை உறுதியாகத் தருவது மணம். காலையில் குளியலறைக் கதவைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் வாசம் அடித்தால் மனசு லேசாகிறது. வேலை முடிந்து வந்து வெட்டிவேர் சோப்பில் குளித்தால் உடம்பு சூடு இறங்கிய மாதிரி இருக்கிறது. என்னிடம் சோப்பு வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப வருவது இதற்காகத்தான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இதற்கு மேல் 'தேமல் போகும், சொரியாசிஸ் குணமாகும்' என்று சொல்வது நோயாளியின் நம்பிக்கையோடு விளையாடுவது.

கைக்குழந்தைக்குச் செய்யும் சோப்பில் எந்த நறுமண எண்ணெயும் சேர்க்காதீர்கள். யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டும் சின்னக் குழந்தைகளின் மூச்சுக்கு ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். வீட்டில் பூனை, நாய் இருந்தால் டீ ட்ரீ பாட்டிலை உயரத்தில் வையுங்கள், அது அவற்றுக்கு நஞ்சு.

5. காரக் கரைசல்

பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியோ, ஜன்னல் திறந்த அறையோ நல்லது. கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, செருப்பு எல்லாம் போட்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும்.

காஸ்டிக் சோடா 98 சதவீதத் தூய்மை உள்ளதாக ரசாயனக் கடையில் வாங்குங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி ஆகாது, அதில் வேறு உப்பும் அலுமினியத் துணுக்கும் கலந்திருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் பொருள் இது. மூடி திறந்து கிடந்தால் கட்டி பிடித்து எடை ஏறிவிடும்; அப்புறம் நீங்கள் நிறுக்கும் 73 கிராமில் ஒரு பகுதி தண்ணீர்தான்.

தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, எரிமலை மாதிரி முகத்தில் தெறிக்கும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். சில நொடிகளில் பாத்திரம் சுடும். சூடு 80, 90 டிகிரி வரை போகும். பால் மாதிரிக் கலங்கி, மூக்கைக் குத்தும் ஆவி கிளம்பும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கலங்கல் தெளியும்வரை கிளறிவிட்டு, தள்ளி வைத்து ஆற விடுங்கள்.

கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓட வேண்டாம். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரில் தொடர்ந்து அலசிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு ஒருமுறை மணிக்கட்டில் ஒரே ஒரு துணுக்கு ஒட்டியது. முதலில் வழுவழுப்பாக இருந்தது, அப்புறம் அரித்தது, பார்ப்பதற்குள் மிளகு அளவுக்குத் தோல் வெந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

6. கலக்குவது, ஊற்றுவது, வெட்டுவது

எண்ணெயும் கரைசலும் இரண்டுமே 40 டிகிரி அளவுக்கு வரட்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், முழுதாக உருக்கிக்கொள்ளுங்கள். கரைசலை எண்ணெயில் மெதுவாக ஊற்றி, கைமிக்ஸியை இடையிடையே நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சட்டென்று இறுகிவிடும். கரண்டியைத் தூக்கிக் கோடு இழுத்தால் அந்தக் கோடு மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறைய வேண்டும். தோசை மாவுப் பதம்தான். இதை ட்ரேஸ் என்கிறார்கள். இந்தப் பதத்தில் நறுமண எண்ணெயை விட்டு, கரண்டியால் கலக்கி, அச்சில் ஊற்றிவிடுங்கள்.

எல்லா வழிகாட்டியிலும் 'துணி போர்த்தி வையுங்கள்' என்று இருக்கும். அது குளிர் நாட்டுக்குச் சொன்னது. நம் ஊர் சித்திரை வெயிலில் போர்த்தினால் சோப்பு நடுவில் பொங்கி வெடிக்கும். மூடாமல் காற்றோட்டமான இடத்தில் விட்டாலே போதும்.

ஒரு நாளில் வெட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அதிகம் உள்ள சோப்பு தாமதித்தால் கல்லாகி, வெட்டும்போது உடையும். மேலே வெள்ளைப் பூச்சு மாதிரி வந்தால் அது சோடா சாம்பல். கெடுதல் இல்லை, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். வெட்டும்போதும் கையுறை வேண்டும்.

7. காய வைப்பது

நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தட்டி மேல் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வெயில் படாமல் அடுக்குங்கள், வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள். வெட்டும்போது 100 கிராம் இருந்த என் சோப்பு ஆறு வாரத்தில் 88, 89 கிராமுக்கு வந்து நின்றது. இதை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், லேபிளில் எடை போடும்போது தேவைப்படும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பு வியர்த்தது மாதிரி நீர் கோக்கும். சோப்பில் உள்ள கிளிசரின் காற்று ஈரத்தை இழுப்பதுதான் காரணம். அந்த மாதங்களில் மின்விசிறி ஓட வேண்டும், ஏழெட்டு நாள் கூடுதலாகவும் வைக்க வேண்டும். தீபாவளிக்கு விற்க நினைத்தால் ஆவணி பிறந்ததும் ஊற்றிவிடுங்கள்.

காய்ந்த சோப்பை நனைத்து, காரத்தின் அளவைக் காட்டும் பிஹெச் தாளில் பாருங்கள், 9 முதல் 10 வரை இருந்தால் சரி. அதைத் தாண்டினால் உடம்பில் போட வேண்டாம். 'பிஹெச் 5.5 உள்ள இயற்கைச் சோப்பு' என்று யாராவது விற்றால், எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த சோப்பில் அது நடக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

8. உரிமம்

இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் கீழும் வருகிறது. விற்கும் கடைக்குத் தனி உரிமம் தேவையில்லை, செய்கிறவருக்குத்தான் தேவை. தமிழ்நாட்டில் அதைக் கொடுப்பது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை.

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஓர் ஏஜென்ட் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் இரண்டு சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, இன்னொன்று ஜிஎஸ்டி. 'இனி நீங்கள் தாராளமாக விற்கலாம்' என்றார். அதை நம்பித்தான் அட்டைப்பெட்டி அச்சடித்தேன். இரண்டு பதிவுக்குமே அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை, இரண்டுமே சோப்பு செய்வதற்கான உரிமமும் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுவாக இருந்தால் உரிமம் வேண்டாம் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு விலக்கு கிடையாது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, சொந்த இடத்தில் உரிமம். சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து சிஓஎஸ்-8 படிவத்தில் உரிமம் பெறுவது. இட வரைபடம், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து ஆவணம், கருவிகளின் பட்டியல், ஒவ்வொரு சோப்பின் சேர்மானப் பட்டியல், தொழில்நுட்பப் பணியாளரின் சான்றிதழ்கள் எல்லாம் வேண்டும். அந்தப் பணியாளர் முழுநேரமாக இருக்க வேண்டும். மருந்தாளுநர் பட்டயமோ, குறைந்தது வேதியியல் எடுத்து பிளஸ் டூவுக்கு இணையான தேர்ச்சியோ போதும். உங்களுக்கே அந்தத் தகுதி இருந்தால் ஒரு சம்பளம் மிச்சம். பெரிய தடை இடம்தான். குளியல் சோப்பின் சிறு தயாரிப்புக்கு 100 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடிக்கு மேல் பரிந்துரைக்கிறார்கள், சரக்கு வைக்கும் இடம் அதற்கு வெளியே. வீட்டுச் சமையலறையைக் காட்டி வாங்க முடியாது. மூலப்பொருளையும் செய்த சோப்பையும் பேட்ச் வாரியாகச் சோதிக்க ஆய்வகமோ, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தோடு ஏற்பாடோ இருக்க வேண்டும். கட்டணம் எத்தனை வகைச் சோப்பு என்பதைப் பொறுத்து ஏறும், அதனால் எட்டு வாசனையோடு ஆரம்பிக்காமல் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது வழி, கடன் உரிமம். ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரின் தயாரிப்புக் கூடத்தில், உங்கள் பெயரில் சோப்பு செய்வது. சிஓஎஸ்-6இல் விண்ணப்பித்தால் சிஓஎஸ்-9 கிடைக்கும். அவருடைய உரிம நகல், இருவருக்குமான ஒப்பந்தம், உங்கள் சேர்மானப் பட்டியல், லேபிள் மாதிரி ஆகியவை முக்கியம். நான் எடுத்தது இந்த வழிதான். என் அளவில் கோல்ட் பிராசஸ் செய்ய ஒத்துக்கொள்ளும் கூடத்தைத் தேடவே ஆறு வாரம் ஆனது, ஏனென்றால் பலரிடம் இயந்திரத்தில் அழுத்தும் சோப்புதான். ஒப்பந்தம் போடும்போது உங்கள் செய்முறை உங்களுடையதுதான் என்பதையும், அதை வேறு யாருக்கும் செய்து தரக்கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உரிமம் ஒருமுறை கிடைத்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டித் தொடரலாம்.

'ஆயுர்வேத', 'சித்த மருத்துவ' என்ற சொற்களை மேலட்டையில் போட நினைத்தால் இந்த உரிமம் போதாது. அதற்குப் பாரம்பரிய மருத்துவங்களுக்கான ஆயுஷ் பிரிவில் தனி உரிமம். 'குணமாக்கும்' என்று எழுதிவிட்டால் உங்கள் சோப்பு மருந்துக் கணக்கில் போய்விடும்.

9. லேபிள்

உரிமம் கைக்கு வரும்வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள். உரிம எண் லேபிளில் வர வேண்டும் என்பதால் முன்கூட்டி அச்சடிப்பது வீண் செலவு.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதமும் ஆண்டும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கான விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும், சேர்மானங்கள் அளவில் இறங்கு வரிசையில். எடை, விலை சம்பந்தப்பட்டவை சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ் வருகின்றன. அதற்குப் பொட்டலமிடுபவராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய், பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நிகர எடைதான் பலர் மாட்டுகிற இடம். ஊற்றிய நாளின் 100 கிராமை அச்சடித்துவிட்டு 88 கிராம் சோப்பை விற்றால் அது எடை மோசடி. காய்ந்த பிறகு நிறுத்து, கடையில் இன்னும் கொஞ்சம் குறையும் என்று விட்டு, நான் 85 கிராம் என்று போடுகிறேன்.

10. வரி, வணிகப் பெயர், கடன்

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு வேண்டும். குளியல் சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. திரவ சோப்புக்குக் குறையவில்லை. பழைய விகிதத்தில் பில் போடும் மென்பொருளைச் சரிபாருங்கள்.

பெயரை, சோப்பு போன்ற பொருள்கள் வரும் மூன்றாம் வகுப்பில் வணிக முத்திரையாகப் பதியலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் 4,500 ரூபாய். சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்று அப்போது உதவும்.

சொந்தக் கூடம் கட்டுபவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். கிராமப்புறத்தில் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம்வரை மானியம் உண்டு. மானியத்தை நம்பிக் கையிருப்பைச் செலவு செய்துவிடாதீர்கள், அது கணக்கில் சேர நாளாகும்.

11. ஒரு சோப்புக்கு எவ்வளவு ஆகிறது

கடைசியாக நான் ஊற்றிய எலுமிச்சைப்புல் சோப்பின் கணக்கு இது. தேங்காய் எண்ணெய் 100 ரூபாய், ஆலிவ் 120, விளக்கெண்ணெய் 12, காஸ்டிக் சோடா 15, தண்ணீர் 3, நறுமண எண்ணெய் 35. மொத்தம் 285. ஏழு சோப்பு என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 41 ரூபாய். உறையும் லேபிளும் சேர்த்து 50. இதன் மேல் கூடத்துக்குக் கொடுப்பது, ஆய்வகச் சோதனை, உடைந்து கழிவது, உங்கள் கூலி எல்லாம் ஏற வேண்டும். 60 ரூபாய்க்கு விற்கும் புதியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது, தங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஒரு வருடத்தில் தொழிலை விட்டுவிடுகிறார்கள். கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்த பிறகும் கையில் நிற்கும்படி விலை வையுங்கள். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். காங்கேயம் சந்தை விலையை வாரம் ஒருமுறை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

காலக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொண்டு மூன்று நான்கு கலவை சரியாக வர ஆறு மாதம். கூடம் தேடவும் ஒப்பந்தம் போடவும் இரண்டு மாதம். விண்ணப்பம், கேள்விகளுக்குப் பதில், உரிமம் என்று எனக்கு மூன்று மாதம் ஆனது. லேபிள், எடையளவுப் பதிவு மூன்று வாரம். அதன் பிறகு ஊற்றும் முதல் சோப்பு காய இன்னும் ஆறு வாரம். இன்று தொடங்கினால் உரிம எண் அச்சிட்ட முதல் சோப்பை ஏறத்தாழ பதின்மூன்று மாதம் கழித்துத்தான் விற்பீர்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க நினைத்தால், அந்தப் பதின்மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.